மழைக்கு வெடிச்ச முந்திரிகையைக் கிடங்கில கொட்டுறது எப்ப நிக்கும்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்கட பேப்பரை நான் பள்ளிக்கூடம் போற காலத்தில இருந்து வாசிச்சு வாறன், கடிதம் எண்டு எழுதுறது இதுதான் முதல்தரம். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் போடுங்கோ, ஆனா கடிதத்தை வெட்டிச் சுருக்காதேங்கோ, இதில சொல்லுறது என்ர பந்தல் பிரச்சினை மட்டும் இல்லை.

போன கார்த்திகை, உரும்பிராயில என்ர நாலு பரப்பு (கால் ஏக்கர்) முந்திரிகைப் பந்தலும், திராட்சை எண்டும் சொல்லுவினம், பழுத்துத் தொங்கின நேரம் பாத்து மூண்டு நாள் விடாமல் மழை பெய்ஞ்சுது. முந்திரிகை பழுக்கிற நேரம் வேரால தண்ணி கூட ஏறினால் தோல் தாங்காது, பழம் ஊதி வெடிக்கும், வெடிச்ச இடத்தில இலையான் மொய்க்கும், குளவி வரும், ரெண்டாம் நாள் புளிச்ச மணம் அடிக்கத் தொடங்கும், ஒரு குலையில நாலு பழம் வெடிச்சால் காணும் அந்தச் சாறு பட்டு மிச்சமும் பழுதாப் போகும். ஏற்கெனவே விலை பேசி முற்பணம் தந்த யாவாரி வந்து பந்தலுக்குக் கீழ ஒரு சுத்துச் சுத்திப் பாத்திட்டு, பேசினதில அரைவாசி தாறன், அதுவும் நல்ல குலை மட்டும்தான் எடுப்பன் எண்டிட்டார். அவரைக் குறை சொல்லி என்ன, கொழும்பில கொண்டுபோய் இறக்கேக்க பெட்டிக்குள்ள ஈரம் கண்டால் அவரிட்டயும் ஆரும் எடுக்கமாட்டினம். மிச்சம் இருநூறு கிலோவுக்கு மேல, நானும் மனிசியும் வெட்டி வாழைக்குப் பக்கத்தில கிடங்கு கிண்டிக் கொட்டினனாங்கள். மனிசி ஒரு சொல்லுக் கதைக்கேல்ல. கொட்டிப்போட்டுக் கிணத்தடியில கை கழுவேக்க தண்ணி ஊதாவா ஓடிச்சுது.

அந்த இருநூறு கிலோவும் எறியவேண்டிய பழம் இல்லை ஐயா. லொறியில ஏத்திக் கொழும்பு மட்டும் கொண்டுபோக ஏலாத பழம், அவ்வளவுதான். வெடிக்கத் தொடங்கின அண்டைக்கே வெட்டி, அழுகினதைக் கழிச்சுப்போட்டு அண்டைக்குப் பின்னேரமே பிழிஞ்சிருந்தால் நூறு லீற்றர் மட்டில சாறு வந்திருக்கும். எங்க கொண்டுபோய்ப் பிழியிறது? அதைக் கேக்கத்தான் இந்தக் கடிதம்.

தோட்டம் தெரியாத பிள்ளையளும் வாசிப்பினம், அதால கொஞ்சம் விளக்கமாச் சொல்லுறன். உரும்பிராய், ஊரெழு, நீர்வேலி, கோப்பாய், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், புன்னாலைக்கட்டுவன் எண்டு வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில, கிணத்துத் தண்ணியில, தூணும் கம்பியும் போட்ட பந்தலில படருற கொடிதான் எங்கட முந்திரிகை. கனபேரிட்ட இருக்கிறது இஸ்ரேல் ப்ளூ எண்ட கறுத்த இனம். குளிர் நாட்டில கொடி தானா இலை உதிர்த்து, நித்திரை கொண்டு எழும்பி, வருசத்துக்கு ஒருக்காக் காய்க்கும். இஞ்ச அந்தக் குளிர் இல்லை, நாங்கள்தான் கொப்பை வெட்டி எழுப்ப வேணும், வெட்டின நாளில இருந்து நாலு மாசம் மட்டில பழம், வருசத்துக்கு ரெண்டு போகம் எடுக்கலாம். எப்ப வெட்டுறமோ அதை வைச்சுத்தான் எப்ப பழுக்கும் எண்டது, எவ்வளவு பெரிய வசதி பாருங்கோ, குளிர் நாட்டுக்காரருக்கு இது கிடைக்காது. ஆனா நாங்கள் என்ன செய்யிறம், ஒழுங்கையில ஒருத்தர் வெட்டத் தொடங்கினால் எல்லாரும் அதே கிழமை வெட்டுறம், ஏனெண்டால் வெட்டுற ஆக்கள் அப்பதான் வருவினம், பிறகு எல்லாற்ர பந்தலும் ஒரே கிழமை பழுக்குது, அதே ரெண்டு மூண்டு யாவாரியள் வருவினம், விலை அவை சொல்லுறதுதான். சந்தைக்குக் கொண்டுபோனால் கழிவு எண்டு சொல்லி நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைச் சும்மா கழிச்சு எழுதுவினம், இந்தக் கழிவுப் பிரச்சினையை உங்கட பேப்பரும் கன தரம் எழுதியாச்சு, இன்னும் போகேல்ல. இதுக்குள்ள மழைப் பயம், வௌவால் பயம், களவுப் பயம், எல்லாத்துக்கும் பயந்து பழம் நல்லா முத்த முதலே வெட்டுறது. யாழ்ப்பாணத்து முந்திரிகை புளிக்கும் எண்டு கொழும்பில ஒரு பேர் இருக்கு, அது கொடியின்ர பிழை இல்லை, நாங்கள் பயத்தில வெட்டுற பிழை.

2023 ஆவணியில மகள் கூப்பிட்டு ஜேர்மனிக்குப் போனனான். அவை இருக்கிறது பொன் (Bonn) எண்ட நகரத்துக்குக் கிட்ட. அப்பா முந்திரிகைத் தோட்டக்காரன், கோயில் குளம் காட்டுறதை விட இதைத்தான் காட்டவேணும் எண்டு ஒருநாள் ஆர் எண்ட ஆத்துப் பள்ளத்தாக்குக்குக் கூட்டிக்கொண்டு போனவை. ரெயில் அப்ப பாதித் தூரம்தான் ஓடினது, மிச்சத்துக்கு பஸ், ஏனெண்டு பிறகு சொல்லுறன். ரெண்டு பக்கமும் செங்குத்தா மலை, கறுத்த கல்லு மண், அதில படி படியாக் கல்லுக் கட்டி முந்திரிகை வைச்சிருக்கினம். மெஷின் ஏறாது, கையாலதான் எல்லாம். எங்கட தட்டை நிலத்தையும் செம்பாட்டையும் நினைச்சுப் பாத்தன், இந்தக் கல்லில எப்பிடி மனிசர் சீவிச்சவை எண்டு யோசினையாப் போச்சு.

உண்மையில அவையளாலயும் சீவிக்க ஏலாமல்தான் இருந்தது. அங்க மைஷொஸ் எண்டு ஒரு சின்னக் கிராமம். 1868இல யாவாரிகள் குடுத்த விலையில குடும்பம் நடத்த ஏலாமல், சனம் ஊரை விட்டுப் போய்க்கொண்டிருந்த காலத்தில, 18 தோட்டக்காரர் சேந்து ஒரு சங்கம் துவங்கியிருக்கினம். பழத்தைத் தனித்தனியா விக்கிறேல்ல, ஒரே இடத்தில பிழிஞ்சு, ஒரே நிலவறையில வைன் ஆக்கி, சங்கத்தின்ர பேரில விக்கிறது, அதுதான் யோசினை. உலகத்திலயே ஆகப் பழைய வைன் கூட்டுறவுச் சங்கம் தாங்கள்தான் எண்டு அவை சொல்லுகினம். 150 வருசம் தாண்டிப் போச்சு, ரெண்டு உலக யுத்தம் பாத்தாச்சு, சங்கம் இண்டைக்கும் இருக்கு. பக்கத்து ஊர்ச் சங்கங்களும் இதோட சேந்திட்டுது.

ரெயில் ஏன் ஓடேல்ல எண்டதுக்கு வாறன். 2021 ஆடி 14ஆம் தேதி இரவு அந்த ஆறு பெருகி முழுப் பள்ளத்தாக்கையும் அடிச்சுக்கொண்டு போட்டுது. 130 பேருக்கு மேல செத்தவை. பாலம், தண்டவாளம், வீடு, வைன் நிலவறை எல்லாம் சேறு. பழம் கொடியில நிக்குது, பிழிய இடம் இல்லை, இன்னும் ரெண்டு மாசத்தில அறுவடை. வேற வேற பள்ளத்தாக்குத் தோட்டக்காரர், வழமையில இவையோட போட்டியா வைன் விக்கிற ஆக்கள், ட்ராக்டரும் பம்பும் கொண்டுவந்து மருந்தடிச்சு, வெட்டிக் குடுத்து உதவி செய்திருக்கினம். சேத்துக்குள்ள இருந்து எடுத்த போத்தல்களைக் கழுவாமல் அப்பிடியே சேறோட 'வெள்ளத்தில தப்பின வைன்' எண்டு வித்து 40 லட்சம் யூரோவுக்கு மேல சேத்து அந்தப் பள்ளத்தாக்குத் தோட்டக்காரருக்குக் குடுத்தவை. மகள் இதை மொழிபெயர்த்துச் சொல்லேக்க எனக்கு 1995 ஐப்பசி 30 ஞாபகம் வந்திட்டுது. வலிகாமம் முழுக்க ஒரே இரவில எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த இரவு. ஆறு மாசத்தால திரும்பி வரேக்க என்ர அப்பாவின்ர பந்தல் விழுந்து கொடி முழுக்கக் காய்ஞ்சு கிடந்தது, கம்பியைக்கூட ஆரோ கழட்டிக்கொண்டு போட்டினம். எங்களுக்கு ஆர் வந்து வெட்டிக் குடுத்தது? ஒவ்வொருத்தனும் தன்ர தன்ர காணியில தனியக் குனிஞ்சு திரும்பவும் கண்டு வைச்சம். எங்களிட்ட மனிசர் இல்லாமல் இல்லை, ஒண்டாச் சேத்து வைச்சிருக்கிற ஒரு சங்கம் இல்லை.

கூட்டுறவு எண்டது எங்களுக்குத் தெரியாத வெள்ளைக்காரச் சாமான் எண்டு ஆரும் சொல்லவேண்டாம். அந்த ஆர் பள்ளத்தாக்குக்குக் கிட்டத்தான் நொய்வீட் எண்ட ஊர், அந்தப் பக்கத்து ஊர்களில வேலை செய்த ரைஃபைசன் எண்ட மனிசன்தான் 1846, 47 பஞ்சத்தில ஏழைச் சனத்துக்குப் பாண் போட்டுக் குடுக்கச் சங்கம் துவங்கி, பிறகு கமக்காரருக்குக் கடன் சங்கம் துவங்கினவர். அதைப் பாத்துத்தான் இந்தியாவிலயும், 1911இல இலங்கையிலயும் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. எங்கட சங்கக்கடையின்ர பூட்டன் அந்தப் பக்கத்து ஆள் எண்டு சொல்லலாம். 1930களில எங்கட பேரன்மார் மலையாளப் புகையிலைக்குக் கூட்டுறவு விற்பனவுச் சங்கம் வைச்சுத் திருவிதாங்கூருக்கு அனுப்பினவை, என்ர அப்பப்பா அதில அங்கத்தவர். மூளாயில கூட்டுறவு ஆஸ்பத்திரியே கட்டினவை. இதெல்லாம் ஆரும் வெளியில இருந்து வந்து செய்து தரேல்ல.

முந்திரிகைக்கு ஆகக் கிட்டின உதாரணம் கள்ளு. கள்ளு அண்டண்டைக்கு விக்கவேண்டிய சாமான், பருவத்தில மிஞ்சினால் அடுத்தநாள் புளிச்சு ஊத்தவேண்டியதுதான். 1970களில சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களாச் சேந்தவை, பிறகு மிஞ்சுற கள்ளைச் சேத்து வடிக்கிறதுக்கெண்டு வடமராட்சியில திக்கம் வடிசாலை வந்தது. கழிஞ்ச காலத்தில அதுக்கு நடந்ததுகளை நான் இதில கதைக்க வரேல்ல, அது வேற கடிதம். ஆனா யோசினை சரியான யோசினை. மிஞ்சுறதைக் கெடாத சாமானா மாத்தி வைச்சுக்கொண்டு ஆறுதலா விக்கிறது. பனைக்கு எங்களால யோசிக்க முடிஞ்சது, முந்திரிகைக்கு ஏன் முடியேல்ல?

இப்ப ஒரு கசப்பான விசயமும் சொல்லவேணும். முயற்சி பண்ணாமல் இல்லை. எட்டு ஒன்பது வருசத்துக்கு முதல் எங்கட பக்கத்தில இருபது பேர் மட்டில சேந்து கூட்டம் போட்டம், பழத்தை ஒண்டாச் சேத்து நாங்களே கொழும்புக்கு அனுப்புவம் எண்டு. முதல் போகத்திலயே முறிஞ்சு போச்சு. ஏன் முறிஞ்சது எண்டதை மறைக்காமல் எழுதுறன். யாவாரி நாலு ரூபா கூடத் தந்தால் நல்ல குலையை யாவாரிக்குக் குடுத்திட்டு, சின்னதும் புளிச்சதும் வெடிச்சதும் சேத்து எங்கட சேகரிப்பு இடத்துக்குக் கொண்டுவந்து இறக்கினவை. பெட்டியைத் திறந்தால் மேல நல்லது, கீழ பழுது. கொழும்பில ஒருக்காத் திருப்பி அனுப்பினாங்கள், ரெண்டாந்தரம் போன் எடுக்கேல்ல. ஆரையும் தனியாச் சொல்ல ஏலாது, எல்லாற்ர வீட்டிலயும் அண்டைக்குக் காசு தேவையா இருந்தது. ஆனா நான் ஜேர்மனியில முதல் கேட்ட கேள்வி இதுதான், உங்கட ஆக்கள் நல்ல பழத்தைக் களவா வெளியில விக்கிறேல்லையோ எண்டு.

அந்த நாட்டில கன வைன் சங்கங்களில சட்டம் என்னெண்டால், அங்கத்தவராச் சேந்தால் பழம் முழுக்கச் சங்கத்துக்குத்தான், நல்லதை வெளியில குடுத்திட்டு மிச்சத்தைக் கொண்டுவர ஏலாது. அதோட எல்லாற்ர பழத்துக்கும் ஒரே விலை இல்லை. பழம் வந்து இறங்கின உடனே சாற்றில சீனி எவ்வளவு எண்டு அளப்பினம், சீனி கூட இருந்தால் விலை கூட, குறைஞ்சால் குறைவு. ஆற்ர பழம் எண்டு பாக்கிறேல்ல, பெரிய தோட்டக்காரன் சின்னத் தோட்டக்காரன் எண்டு இல்லை, மானி சொல்லுறதுதான். காசும் ஒரே தரமா வராது, வைன் விக்க விக்கக் கட்டம் கட்டமா வரும். எங்கட ஆக்களுக்கு இந்தக் கடைசி விசயம்தான் கஷ்டம், கொப்பு வெட்டுறவனுக்கும் மருந்துக் கடைக்கும் அண்டைக்கே காசு குடுக்க வேணும். அதால இஞ்ச துவங்கினால் பழம் இறங்கின அண்டைக்கே ஒரு பங்கு காசு கையில குடுக்கத்தான் வேணும், அதுக்குச் சங்கத்திட்ட முதல் இருக்கோணும், வெளிநாட்டில இருக்கிற எங்கட பிள்ளையள் கோயில் ராசகோபுரத்துக்குக் குடுக்கிறதில ஒரு துண்டை இதுக்குப் பங்குப் பணமாப் போட்டால் காணும். நன்கொடை இல்லை, பங்கு. கணக்குக் கேக்கிற உரிமையோட.

வைன் எண்டு சொன்ன உடனே எங்கட வீட்டிலயே சண்டை வந்தது. மனிசி சுத்த சைவம், ஊரில இருக்கிற குடி காணாதோ, நீங்களும் ஊத்திக் குடுக்கப் போறியளோ எண்டு கேட்டவ. அவ கேட்டது நியாயமான கேள்வி. குடியால அழிஞ்ச வீடுகள் எங்கட ஒழுங்கையிலயே ரெண்டு இருக்கு. நான் சொல்லுறது முதல் சாறு. பிழிஞ்ச சாற்றை 80, 85 பாகைக்குச் சூடாக்கிச் சூட்டோட போத்தலில அடைச்சால் மாசக்கணக்கில கிடக்கும், பள்ளிக்கூடப் பிள்ளையளும் குடிக்கலாம், கலியாண வீட்டில சோடாவுக்குப் பதிலா வைக்கலாம். இதுக்கு மதுவரித் திணைக்களத்திட்ட அனுமதிப்பத்திரம் எண்டு அலையவும் தேவையில்லை. அது ரெண்டு மூண்டு போகம் ஒழுங்கா நடந்து, கணக்கு வழக்குச் சுத்தமா இருந்தால் பிறகு வைனுக்கு முறையா அனுமதி எடுக்கிறதைப் பற்றி அங்கத்தவர் முடிவெடுக்கட்டும். தோலகட்டி ஆச்சிரமத்தின்ர நெல்லிரசமும் வைனும் தெரியாத வீடு யாழ்ப்பாணத்தில இருக்கோ? 1928இல தோமஸ் அடிகளார் துவங்கின செபமாலைத் துறவியளின்ர இடம் அது, குடிச்சுக் கும்மாளம் அடிக்கிற சாமானா அதை ஆரும் நினைக்கிறேல்ல. கத்தோலிக்க ஆக்கள் பூசைக்கு முந்திரிகை இரசம் எண்டுதான் சொல்லுவினம், அந்தச் சொல்லில இருக்கிற மரியாதை அந்தச் சாமானுக்கும் இருக்கு.

இத்தாலியில பார்பரெஸ்கோ எண்டு ஒரு ஊர். 1894இல அங்க ஒரு வைன் சங்கம் துவங்கி பாசிச ஆட்சிக் காலத்தில மூடுப்பட்டுப் போச்சு. 1958இல அந்த ஊர்ப் பங்குச் சாமியார் பாத்தார், சின்னத் தோட்டக்காரர் எல்லாம் காணியை விட்டிட்டுப் போகப்போகினம் எண்டு. 19 பேரைச் சேத்து திரும்பவும் துவங்கினார். கட்டடம் இல்லை, மெஷின் வாங்கக் காசு இல்லை. முதல் மூண்டு வருச வைனையும் கோயிலுக்குக் கீழ இருக்கிற நிலவறையிலதான் ஆக்கினவை. இண்டைக்கு உலகம் முழுக்க விலை குடுத்துத் தேடி வாங்கிற வைன் அது. எங்களிட்ட கோயில் மண்டபத்துக்கும் குறைவில்லை, பூட்டிக் கிடக்கிற சங்கக் கட்டடத்துக்கும் குறைவில்லை.

தொழில்நுட்பம் எண்டு பயப்பிடுற ஆக்களுக்கும் ரெண்டு சொல்லு. எங்கட சூடு உண்மையிலயே பிரச்சினைதான். வைன் புளிக்கிற நேரம் தானா இன்னும் சூடாகும், 35 பாகையைத் தாண்டினால் ஈஸ்ட் களைச்சுச் செத்துப்போகும், பேந்து விநாகிரிதான் மிச்சம், அதால தாங்கியைச் சுத்திக் குளிர்தண்ணி ஓடவேணும். பகல் வெய்யிலில சோலர் போட்டால் அந்தக் கறண்ட் எடுக்கலாம், வெய்யிலுக்கு யாழ்ப்பாணத்தில பஞ்சமோ. சீனி அடுத்த விசயம். மகள் வாங்கித் தந்த சீனி அளக்கிற சின்னக் கண்ணாடிக் குழாய் ஒண்டு இப்ப என்னட்ட இருக்கு, ஒரு துளி சாறு விட்டு வெளிச்சத்தில பாத்தால் இலக்கம் தெரியும். யாவாரிக்காக வெட்டுற நாளில என்ர பழம் நூற்றுக்கு 15, 16 பங்கு சீனி காட்டினது. அதில வைன் ஆக்கினால் 8, 9 வீதம் மட்டில மதுசாரம், அவ்வளவு மெல்லிய வைன் கனநாள் நிண்டு பிடிக்காது. அதே பந்தலில ஒரு மூலையை வலை போட்டு மூடி இன்னும் பன்ரெண்டு நாள் விட்டுப் பாத்தன், 19 காட்டினது! அதே கொடி, அதே தண்ணி. பொறுமை மட்டும்தான் கூட. அந்தப் பன்ரெண்டு நாள் பொறுக்கிறதுக்குத்தான் தனியாளுக்குத் தெம்பு இல்லை, விலையைச் சங்கம் பொறுப்பெடுத்தால் பொறுக்கலாம்.

மருந்து விசயத்தையும் விடக்கூடாது. அடிச்சாம்பல் நோய்க்குத் துருசும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிற போர்டோ கலவை இருக்கெல்லோ, அது பிரான்ஸில போர்டோ பக்கத்து முந்திரிகைத் தோட்டத்தில 1880களில கண்டுபிடிச்சது, பேரும் அந்த ஊரின்ர பேர்தான். அதை விட இப்ப என்னென்னவோ பேரில போத்தல் போத்தலா வருது, மழைக்காலத்தில கிழமைக்கு ரெண்டு தரம் அடிக்கிற ஆக்களும் இருக்கினம், வெட்டுறதுக்கு எத்தினை நாளைக்கு முதல் அடிச்சாய் எண்டு எந்த யாவாரியும் கேக்கிறேல்ல. சாறு பிழியிற சங்கம் எண்டால் கேக்கும், கேக்கத்தான் வேணும், மிஞ்சின மருந்து ஈஸ்டைக் கொல்லும், குடிக்கிற பிள்ளைக்கும் கூடாது. எங்கட கிணத்துத் தண்ணி இப்ப இருக்கிற நிலைக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே சங்கம் துவங்கலாம்.

விவசாயத் திணைக்களம், மாகாணசபை, பல்கலைக்கழக விவசாயபீடம் எல்லாரும் வரட்டும், சந்தோசம். ஆனா அவையள் வரும் மட்டும் இருந்தால் இன்னும் நாலு கிடங்கு கிண்டவேண்டி வரும். முதல் பத்துப் பேர் சேந்து, ஒரே கிழமை வெட்டாமல் ரெண்டு ரெண்டு கிழமை விட்டுக் கொப்பு வெட்டினால் போதும், அதுக்கு ஒரு சதமும் செலவில்லை. வாற போகத்துக்கு என்ர பந்தலை நான் ஊரோட வெட்டேல்ல, மூண்டு கிழமை பிந்தி வெட்டுறன் எண்டு முடிவெடுத்திட்டன், பக்கத்துத் தோட்டக்காரர் ரெண்டு பேரும் சம்மதிச்சிருக்கினம். சங்கம் துவங்கினால் நாலு பரப்புப் பழமும் முழுக்க அங்கதான் குடுப்பன், மேல நல்லது கீழ பழுது எண்டு இல்லாமல். அதுவரைக்கும் ஆருக்காவது தன்ர பழத்தில சீனி எவ்வளவு எண்டு தெரியவேணும் எண்டால் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு ஒரு குலையோட வாங்கோ, உரும்பிராயில முந்திரிகைக்காரன் வீடு எண்டு கேட்டால் காட்டுவினம், அளந்து கொப்பியில எழுதி வைக்கிறன், இப்ப வரைக்கும் பதினொரு பந்தல் எழுதியாச்சு.

இப்படிக்கு,
முந்திரிகைத் தோட்டக்காரன் ஒருவன்,
உரும்பிராய்.